மூடப்பட்ட ஸ்காட்ச் விஸ்கி ஆலைகளில் எதன் இழப்பு பெரியது?

பலரும் போர்ட் எலன், ப்ரோரா, ரோஸ்பேங்க் என்பார்கள். முதல் இரண்டும் 1983-இல் மூடப்பட்டவை, மூன்றாவது 1993-இல். மூன்றையுமே பின்னாளில் திரும்பத் திறந்தார்கள். அவற்றின் பழைய பீப்பாய்கள் மிஞ்சியிருந்ததால், அந்தச் சுவை எப்படியிருக்கும் என்று புதிதாக வடிப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கொடுப்பினைகூட இல்லாத ஒரு ஆலை உண்டு. என் பதில் அதுதான்: ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலிருந்த மால்ட் மில்.

ஐலாவின் தென்கரையில் லாஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக் என்ற மூன்று விஸ்கி ஆலைகளும் நடந்தே போகிற தூரத்தில் வரிசையாக நிற்கின்றன. ஒயிட் ஹார்ஸ் விஸ்கியைப் பிரபலமாக்கிய பீட்டர் மேக்கிதான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லகவூலினின் முதலாளி. பக்கத்து லாஃப்ராய்கின் சரக்கை விற்கும் முகவர் உரிமையும் பல காலம் அவர் நிறுவனத்திடமே இருந்தது. 1907-இல் லாஃப்ராய்க்காரர்கள் அதைப் பறித்துக்கொண்டார்கள். மேக்கி சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஓயாத பீட்டர் என்றே அவருக்குப் பட்டப்பெயர். லாஃப்ராய்குக்குப் போகும் தண்ணீரைக் கல் போட்டு அடைத்தார். வழக்கு நீதிமன்றம் போனது, தோற்றார், தண்ணீரைத் திறந்துவிட வேண்டியதாயிற்று.

அப்புறம் அவர் செய்ததுதான் விஷயம். 1908-இல் லகவூலின் வளாகத்துக்குள்ளேயே லாஃப்ராய்கைப் போலவே இன்னொரு ஆலை கட்டினார், அதுதான் மால்ட் மில். அங்கிருந்த செப்பு வடிகலன்களின் வடிவத்திலேயே இங்கும் செய்யவைத்தார். லாஃப்ராய்கில் வேலை பார்த்த கைதேர்ந்த ஆளையும் இழுத்துக்கொண்டார். பார்லியை உலர்த்த பீட் புகை மட்டும்தான். அதாவது சதுப்பு நிலத்தில் வெட்டி எடுத்துக் காயவைத்த கரி மண்; ஐலா விஸ்கியின் புகை வாசனை அதிலிருந்துதான் வருகிறது.

இவ்வளவு செய்தும் லாஃப்ராய்க் சுவை வரவில்லை. தண்ணீர் வேறு என்பார்கள். எனக்கு அது மட்டும் காரணமாகத் தோன்றவில்லை. ஊறல் எத்தனை மணி நேரம் நொதிக்கிறது, வடிகலனை எவ்வளவு வேகமாகச் சூடாக்குகிறார்கள், வடிந்து வருவதில் எந்தப் பகுதியை எடுத்து எதை ஒதுக்குகிறார்கள் என்று எல்லாமே சுவையை மாற்றும்.

இந்தக் கதையை எல்லோரும் மேக்கியின் வீம்புக் கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. நகல் எடுக்கப் போய் லாஃப்ராய்கும் இல்லாத, லகவூலினும் இல்லாத மூன்றாவது விஸ்கி ஒன்று பிறந்திருக்கிறது! மேக்கி 1924-இல் இறந்தார். வன்மம் கொண்டிருந்தவர் போன பிறகும் கிட்டத்தட்ட நாற்பது வருடம் ஆலை ஓடியது. சரக்கு மோசமாக இருந்திருந்தால் யார் ஓட்டியிருப்பார்கள்?

1962-இல் மூடினார்கள். அதன் வடிகலன்கள் லகவூலினுக்குப் போய் இன்னும் சில வருடம் உழைத்தன. கட்டடம் இடிபடவில்லை, இன்று லகவூலினுக்கு வரும் பார்வையாளர்களை வரவேற்கும் இடம் அது. விஸ்கிதான் இல்லை. அந்தக் காலத்தில் மால்ட் விஸ்கியில், அதாவது முளைகட்டிய பார்லியில் மட்டும் வடிப்பதில், பெரும்பகுதி பல ஆலைச் சரக்கைச் சேர்த்துச் செய்யும் கலவை விஸ்கிக்குத்தான் போனது. மால்ட் மில் சரக்கும் ஒயிட் ஹார்ஸ் போன்ற மேக்கி நிறுவனத்தின் கலவைகளில் கரைந்தது. தனியாக ஒரு பீப்பாய் எடுத்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு மனசு ஆறாதது இதுதான்.

1962-இல் கடைசியாக வடித்ததில் ஒரு சிறு புட்டி மட்டும் லகவூலினில் காட்சிக்கு இருக்கிறது. அதுவும் பீப்பாய் காணாத வெறும் வடிசாராயம். சட்டப்படி ஓக் பீப்பாயில் 3 வருடமாவது இருந்தால்தான் அது ஸ்காட்ச். ஆகவே மால்ட் மில்லைச் சுவைக்க மிஞ்சியிருக்கும் வழி, அந்தக் காலத்து ஒயிட் ஹார்ஸ் புட்டிகள். ஏலத்தில் அவ்வப்போது வருகின்றன. அதில் லகவூலின் எவ்வளவு, மால்ட் மில் எவ்வளவு என்று நாக்கால் பிரித்துச் சொல்ல முடியாதுதான். இருந்தும், வசதியுள்ளவர்கள் ஒன்று வாங்கினால் அலமாரியில் வைக்காமல் திறந்து குடியுங்கள்.