கேள்வி – பதில்: சுண்ணாம்புச் சூளை ஊரின் பாடகர்கள்

கேள்வி: வேல்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த ஆண்கள் பாடகர் குழுவின் ஒலித்தட்டை நண்பர் கொடுத்தார். படத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் தாத்தாக்கள். பாட்டோ கூடத்தையே நிறைக்கிறது. உறையிலுள்ள ஊர்ப்பெயரை வாசிக்கக்கூட முடியவில்லை. யார் இவர்கள்?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: முதலில் பெயர். ‘ஃப்ரான்கசுல்தே’ என்று படிக்கத் தோன்றும். ஆனால் வெல்ஷ் மொழியில் ஒற்றை ‘எஃப்’ வந்தால் ‘வ்’ என்று ஒலிக்க வேண்டும். பின்பாதியில் வரும் இரட்டை ‘எல்’ அடுத்த தொல்லை. நாக்கை ‘ல’ சொல்லும் இடத்தில் நிறுத்திவிட்டு ஓரமாகக் காற்றை ஊத வேண்டும். வடநாட்டு நண்பர்கள் நம் ‘ழ’விடம் படுகிற பாட்டை நான் அந்த எழுத்திடம் பட்டிருக்கிறேன். நல்லவேளையாக உள்ளூர்க்காரர்களே ‘வ்ரான்’ என்று சுருக்கிவிட்டார்கள்.

வடகிழக்கு வேல்ஸில் டீ ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் அது. சுண்ணாம்புக்கல் வெட்டுவதும் சூளையில் சுடுவதும் பழைய பிழைப்பு. ஊருக்குப் பக்கத்தில், ஆற்றுக்கு மேலே 38 மீட்டர் உயரத்தில் ஒரு பாலம் போகிறது. பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு 1805-இல் கட்டி முடித்தது. அதன்மேல் ரயில் ஓடவில்லை. இரும்புத் தொட்டியில் கால்வாய்த் தண்ணீர் ஓடுகிறது, படகு போகிறது!

குழு பிறந்தது 1947-இல். அந்தக் கோடையில் பக்கத்து ஊரான லாங்கோல்லெனில் முதல் சர்வதேச ஐஸ்டெத்வோட் நடந்தது. பாட்டும் கவிதையும் போட்டி போடும் விழாவுக்கு வெல்ஷ்காரர்கள் வைத்த பெயர் ஐஸ்டெத்வோட். உலகப்போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். வெளிநாட்டவர் வருவார்களா என்பதே சந்தேகம். பிரான்சில் ரயில் வேலைநிறுத்தம் வேறு. ஹங்கேரியத் தொழிலாளர் பாடகர் குழு, வழியில் நிறுத்திய வண்டிகளிலெல்லாம் ஏறி வந்து சேர்ந்தது. அந்த மேடையில் ஆண்கள் குழுக்கள் பாடியதைக் கேட்டுவிட்டு வ்ரான்காரர்கள் ஊர் திரும்பினார்கள். அடுத்த முறை நம் ஊரும் அங்கே நிற்க வேண்டும் என்று குழு கட்டினார்கள். கலைத் தாகம் என்று எழுதலாம்தான். ரோஷம் என்பது என் கணிப்பு.

நீங்கள் சொல்லும் ஒலித்தட்டுப் புகழ் 2006-இல் வந்தது. ஒரு கல்யாணத்தில் இவர்கள் பாடியதை, இளைஞர் பாப் குழு ஒன்றுக்கு மேலாளராக இருந்தவர் கேட்டார். பெரிய நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் போட்டது. தட்டு லட்சக்கணக்கில் விற்றது. குழுவுக்கு அப்போது வயது 59.

கேள்வி: வெல்ஷ்காரர்களுக்குப் பாட்டு ரத்தத்திலேயே ஊறியதாமே?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: ரத்தத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. சுவரில் தொங்கிய ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் நாரிச் நகரில் சாரா குளோவர் என்ற ஆசிரியை, குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர ஒரு முறையை வகுத்தார். ஜான் கர்வென் என்ற பாதிரியார் 1840-களிலிருந்து அதைச் செப்பனிட்டுப் பரப்பினார். ‘டானிக் சோல்ஃபா’ என்று பெயர். ஐந்து கோடு போட்டுப் புள்ளி வைக்கும் வேலை இதில் இல்லை. டோ, ரே, மீ எல்லாம் வெறும் எழுத்துகள். தாளத்துக்குச் சில கோடுகளும் புள்ளிகளும். இந்த டோ ஓரிடத்தில் நிலையாக நிற்பதும் இல்லை. எந்தச் சுருதியில் ஆரம்பிக்கிறோமோ அதுவே டோ. ஒன்றரைக் கட்டையோ ஐந்து கட்டையோ, ‘ச’ எப்போதும் ‘ச’தானே? அதே சங்கதிதான். நம் பாட்டு வாத்தியார் யாரிடம் காட்டினாலும் இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்.

சுரங்களை ஏணிப்படி போல அடுக்கிய படம் சுவரில் தொங்கும். ஆசிரியர் குச்சியால் ஒரு படியைத் தொடுவார், கூட்டம் பாடும். பகலெல்லாம் நிலக்கரி வெட்டிவிட்டு வந்தவரும் இப்படி நான்கு குரல் பாட்டை, அதாவது நான்கு வரிசை ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரம் பாடுவதை, படிக்கக் கற்றார். அச்சகத்துக்கும் செலவு மிச்சம். சாதாரண அச்செழுத்தே போதும் என்பதால் பாட்டுத்தாள் மலிந்தது. 1860-களில் இந்த முறை வேல்ஸில் பரவியபோது நிலம் உழுது தயாராக இருந்தது. இயுவான் குவில்ட் என்ற புனைபெயர் கொண்ட ஜான் ராபர்ட்ஸ் 1859-இலேயே சபைகள் பாடுவதற்கான மெட்டுப் புத்தகத்தை வெளியிட்டிருந்தார். ஜெபக்கூடங்களில் குழுவினர் மட்டும் பாடி மற்றவர்கள் கேட்பது என்ற வழக்கம் போய், மொத்தச் சபையும் நான்கு குரலாகப் பிரிந்து பாடியது. ஒரு தலைமுறை ஞாயிறுதோறும் இப்படிப் பழகினால், அடுத்த தலைமுறையைப் பார்ப்பவர்கள் ‘பிறவி வரம்’ என்று சொல்லத்தான் செய்வார்கள்.

கேள்வி: அப்படியானால் ஏன் ஆண்கள் மட்டும்? பெண்களுக்குப் பாட்டு வராதா?
– இன்னொரு வாசகி, மதுரை

பதில்: கோபம் நியாயம். 1872-இலும் 73-இலும் லண்டன் கிரிஸ்டல் பாலஸில் நடந்த பாடகர் குழுப் போட்டியில் வென்று வேல்ஸுக்குப் பெயர் வாங்கித் தந்தது கரடாக் என்பவர் நடத்திய பெருங்குழு. அவர் கொல்லர். குழுவில் நானூறுக்கும் மேற்பட்டோர், பெண்களும் சேர்த்தி.

ஆண்கள் குழு தனியாகத் தழைத்ததற்குச் சுரங்கம் ஒரு காரணம். தெற்கே ரோண்டா பள்ளத்தாக்கு 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆடு மேய்ந்த இடம். 1911-இல் அங்கே ஒன்றரை லட்சம் பேர். வேலை தேடி வந்து வாடகைக் கட்டிலில் படுத்த இளைஞர்கள் ஏராளம். அவர்களுக்கு மாலையில் போக்கிடம் இரண்டு, ஜெபக்கூடம் அல்லது மதுக்கடை. இரண்டிலும் பாடினார்கள். புகழ்பெற்ற ட்ரியோர்க்கி குழு 1880-களில் முதல் பரிசு வாங்கியது ‘சிவப்புப் பசு’ என்ற விடுதியில் நடந்த போட்டியில்தான். பரிசுத் தொகை ஒரு பவுண்டு. பிறகு 1895-இல் விண்ட்சர் கோட்டையில் விக்டோரியா ராணி முன் பாடினார்கள்.

சுரங்கம் கைவிட்டபோதும் குழு கலையவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. பென்டைரஸ் குழு 1924-இல் தொடங்கியபோது பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை இல்லை. 1966-இல் அபர்வான் கிராமத்தில் சுரங்கக் கழிவு மலை சரிந்து 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்தார்கள். அதன்பின் அந்த ஊர் ஆண்கள் சேர்ந்து தொடங்கிய ஒன்று உண்டு; இனிசோவென் ஆண்கள் பாடகர் குழு. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

கேள்வி: இப்படிப்பட்ட குழுவிலிருந்து பெரிய பாடகர் யாராவது வந்ததுண்டா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ஓபரா பாடகர் லூசியானோ பவரோட்டி. அவர் இத்தாலியர்தான். 1955-இல் தம் ஊர் மொடெனாவின் ஆண்கள் குழுவோடு, ரொட்டிக்கடைக்காரரான தந்தையும் உடன்வர, லாங்கோல்லெனுக்கு வந்து முதல் பரிசு வாங்கினார். அப்போது வயது 19.

கேள்வி: நீங்கள் பாடியதுண்டா? சும்மா எழுதுகிறீர்களா?
– அதே சேலம் வாசகர்

பதில்: கல்லூரி விடுதிக் குழுவில் நான்கு ஆண்டுகள் பாடினேன். ஆண்கள் குழுவில் உயர்ந்த குரலிலிருந்து தாழ்ந்த குரல் வரை முதல் டெனார், இரண்டாம் டெனார், பாரிடோன், இரண்டாம் பாஸ் என்று நான்கு வரிசை. மெட்டு பெரும்பாலும் மேல்வரிசைக்கு. நான் கடைசி வரிசை. ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு எட்டு அட்சரம் நிற்பேன், பிறகு ஒரு படி இறங்குவேன். வீட்டில் சாதகம் செய்தால், “பாட்டு எப்போதடா ஆரம்பிக்கும்?” என்பார் அம்மா.

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு அவர் வந்திருந்தார். திரும்பும்போது பஸ்ஸில், “எல்லாம் நன்றாக இருந்தது. உன் குரல் மட்டும் கேட்கவே இல்லையே” என்று வருத்தப்பட்டார். எங்கள் மாஸ்டர் அதைக் கேட்டிருந்தால் எனக்குக் கைகொடுத்திருப்பார்.