மாஞ்சாவில் சிக்கிய பருந்து: வீட்டில் வைத்துத் தேற்றலாமா?

கேள்வி: பெங்களூரு மர்ஃபி டவுனில் இருக்கிறோம். நேற்று சாயந்திரம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போன என் மனைவி, தண்ணீர் டேங்க் பக்கத்தில் ஒரு பருந்து மாஞ்சா நூலில் சிக்கிக் கிடந்ததைப் பார்த்தார். நூலை எப்படியோ பிரித்து எடுத்துவிட்டோம். வலது சிறகில் ரத்தம். மஞ்சள் பத்துப் போட்டோம். பாலும் சோறும் வைத்தோம், தொடவில்லை. பக்கத்தில் இருக்கும் நாய், பூனை டாக்டர் இதைப் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார். நாலு நாள் வீட்டில் வைத்துத் தேற்றிப் பறக்கவிடலாமா? பேரன் வளர்க்கலாம் என்கிறான்.

பதில்: பெட்டியில் வைத்து உடனே கிளம்புங்கள் என்று உங்களுக்கு அன்றைக்கே சுருக்கமாகப் பதில் அனுப்பினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். ஆடிக்காற்று கிளம்பிவிட்டது. பெங்களூரில் காற்றாடிக் காலமும் இதுதான். இந்தக் கேள்வி இன்னும் பல வீடுகளிலிருந்து வரும்.

முதலில் அந்த நாலு நாள் கணக்கு. பறவையின் எலும்பு நம்முடையதைவிட வெகு வேகமாகக் கூடும். முறிந்த எலும்பு சுமார் மூன்று வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோணலாக இருந்தால் அதே வேகத்தில் கோணலாகவே ஒட்டிவிடும். முதல் நாளே வந்தால் நேராக வைத்துக் கட்டலாம், கம்பி வைக்கலாம். ஐந்தாம் நாள் வரும் பறவையிடம் அந்த வாய்ப்பு பெரும்பாலும் போயிருக்கும். எனக்கு வரும் பறவைகளில் மனதை வருத்துவது காயத்தின் அளவு அல்ல, 'நாங்க நல்லாத்தான் பார்த்துக்கிட்டோம் டாக்டர், இன்னைக்குத்தான் சோர்ந்துபோச்சு' என்று அன்போடு தாமதித்தவர்கள் சொல்வதுதான்.

மாஞ்சாக் காயம் எப்படிப்பட்டது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பருந்தின் சிறகை விரித்துப் பார்த்தால் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், முன்விளிம்பில் ஒரு மெல்லிய தோல் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் ஊடே தெரியும். அதன் விளிம்புக்குள்ளே நரம்பு மாதிரி ஒரு தசைநாண் ஓடுகிறது. சிறகை விறைப்பாக வைத்திருப்பது அதுதான். கண்ணாடித் தூள் பூசிய நூல் பெரும்பாலும் அறுப்பது இந்த இடத்தைத்தான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கீறல், கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். உள்ளே தசைநாண் அறுந்திருக்கும். பருந்து பயந்துபோய்த் துடிக்கத் துடிக்க அறுப்பு ஆழமாகும். அதனால்தான் நூலை வீட்டில் பிரிக்க வேண்டாம் என்கிறேன். பறவை எங்காவது கட்டுண்டு தொங்கினால், உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி இரண்டு பக்கமும் கத்தரியால் வெட்டிவிட்டு, உடம்பில் சுற்றியிருப்பதை அப்படியே விட்டு அனுப்புங்கள். தசைக்குள் இறங்கிய நூலை இழுத்தால் மிச்சம் இருப்பதும் அறுந்துவிடும்.

நூல் மின்கம்பியில் மாட்டியிருந்தால் கம்போ கழியோ கொண்டு போகாதீர்கள். மின்விநியோக நிறுவனமான பெஸ்காமை 1912-இல் கூப்பிடுங்கள். உயரமான மரத்தில் தொங்கினால் தீயணைப்புத் துறையினர் வருவார்கள்.

கீழே கிடக்கும் பருந்தைப் பிடிப்பதற்கு ஒரு பழைய துவாலை போதும். பலரும் அலகுக்குப் பயப்படுவார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது காலுக்கு. அந்த நகம் கையில் இறங்கினால் எளிதில் விடாது. பின்னாலிருந்து வந்து, தலை முழுக்க மூடும்படி துவாலையைப் போடுங்கள். கண் மறைந்ததும் பாதி அடங்கிவிடும். சிறகை உடம்போடு சேர்த்து மடித்து, கால்களைத் துணியோடு சேர்த்துப் பிடித்து, அட்டைப்பெட்டிக்குள் விடுங்கள். இதில் ஒரு எச்சரிக்கை: நெஞ்சை இறுக்கக் கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. பயத்தில் இறுக்கிப் பிடித்தால், காப்பாற்ற வந்த கையிலேயே மூச்சு நின்றுவிடும்.

பெட்டியில் முன்கூட்டியே நாலைந்து ஓட்டை போட்டு, அடியில் பழைய பருத்தித் துணி விரித்துவிடுங்கள். மூடி, சத்தமில்லாத அறையில் வையுங்கள். அப்புறம் திறந்து பார்க்காதீர்கள். இதுதான் எல்லோருக்கும் கஷ்டம். பேரன் பார்க்க வேண்டும் என்பான், எதிர்வீட்டு அம்மா கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ள வருவார். (வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடலுமாக இருந்தால்தான் கருடன். முழுக்கக் கரும்பழுப்பாக, வால் நுனி லேசாகப் பிளந்திருந்தால் சாதாரணப் பருந்து. அல்சூர் ஏரி மேலே இரண்டும் வட்டமிடும்.) நாம் ஆசையோடு குனிந்து பார்ப்பது அதன் கண்ணுக்குத் தன்னைத் தின்ன வந்த ஒரு பெரிய மிருகம். அந்த அதிர்ச்சி காயத்தைவிட வேகமாகக் கொல்லும்.

பாலைப் பறவைக்குச் செரிக்கத் தெரியாது. சோறு இறைச்சி தின்னும் பறவையின் உணவே அல்ல. தண்ணீரை வாயில் ஊற்றவே ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது, ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போகும். இறைச்சி கூட வேண்டாம். நீர்வற்றிச் சோர்ந்த உடம்புக்கு முதலில் திரவம் ஏற்ற வேண்டும், அதை மருத்துவமனையில் செய்துகொள்வார்கள். மஞ்சள் நல்ல மனதோடு போட்டது, தெரியும். ஆனால் அந்தப் பத்துக்கு அடியில் எவ்வளவு அறுந்திருக்கிறது என்று பார்க்க, அதைக் கழுவும் வலியையும் பறவைதான் தாங்க வேண்டும். எண்ணெய் தடவுவது இன்னும் மோசம், இறகு ஒட்டிப்போய் மழையில் நனைந்துவிடும்.

பக்கத்து டாக்டர் மறுத்ததில் குறை சொல்ல மாட்டேன். இது வேறு படிப்பு. கெங்கேரியில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் அமைப்பின் காட்டுயிர் மருத்துவமனை இருக்கிறது, 1996 முதல் இயங்கும் அமைப்பு. பறவைகளையும் ஊர்வனவற்றையும் கவனிக்கும் ஏஆர்ஆர்சி என்ற மையமும் பெங்களூரில் உண்டு. முன்கூட்டிக் கூப்பிட்டுவிட்டுப் போங்கள். ராத்திரி நேரமானால், பெட்டியை இருட்டில் வைத்திருந்து விடிந்ததும் ஆட்டோ பிடியுங்கள். ஆட்டோவில் பாட்டு வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் வனத்துறையின் 1926.

பேரனிடம் சட்டத்தையும் சொல்லலாம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுயிர் யாருடைய வீட்டுச் சொத்தும் ஆகாது. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். ஆனால் அவனுக்கு இதைவிட நல்ல பதில் ஒன்று இருக்கிறது. மருத்துவமனையில் என்ன நடக்கும் என்று சொல்லுங்கள்.

எடை பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, தையல் போடுவது முதல் கட்டம். அப்புறம் சின்னக் கூண்டில் ஓய்வு, அதன்பின் சிறகை மெல்ல நீட்டி மடக்கும் பயிற்சி, கடைசியில் நீளமான கூண்டில் பறக்கவிட்டுப் பார்ப்பது. பெரிய இறகுகள் பாதியில் ஒடிந்திருந்தால் ஒரு வேலை செய்வோம். சேர்த்து வைத்திருக்கும் உதிர்ந்த இறகுகளில், அதே சிறகில் அதே வரிசையில் வரும் ஒன்றைத் தேடி எடுப்போம். ஒடிந்த இறகுக்காம்பின் குழலுக்குள் மூங்கில் சீவலைச் செருகி, அதன்மேல் இந்த இறகைப் பசை வைத்துப் பொருத்துவோம். பருந்து அன்றைக்கே சிறகை அடித்துப் பார்க்கும். இல்லையென்றால் அடுத்த இறகுதிர்ப்பு வரை மாதக்கணக்கில் கூண்டிலேயே காத்திருக்க வேண்டும். இரவல் இறகோடு ஒரு பருந்து எழும்பிப் போவதை முதல்தடவை பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

எல்லாம் அப்படி முடிவதில்லை. தசைநாண் முழுக்க அறுந்த பருந்து பெரும்பாலும் திரும்பப் பறக்காது. வானத்தில் வாழப் பிறந்ததைக் காலம் முழுக்கக் கூண்டில் வைப்பதா, வலியில்லாமல் நிரந்தரமாகத் தூங்க வைப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய நாள்கள் உண்டு. சிலவற்றைத் தூங்க வைக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. மருத்துவர் அப்படிச் சொன்னால் கைவிட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள்.

ஒப்படைக்கும்போது பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள், எங்கே கிடைத்தது என்பதைத் தெருப் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். தேறியபின் முடிந்தவரை பழகிய இடத்திலேயே விடுவார்கள். விடும் நாளைத் தெரிவிக்கச் சொன்னால் பேரனையும் கூட்டிப் போகலாம்.

மாடியில் கிடக்கும் மிச்ச நூல் இருக்கிறதே, அதையும் பாருங்கள். நைலான் மாஞ்சாவை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே தடை செய்துவிட்டது, ஆனாலும் கிடைக்கிறது. பருத்தி நூல் போல மக்காது. வருஷக்கணக்கில் மரத்திலேயே தொங்கி, ராத்திரியில் ஆந்தையையும் வௌவாலையும் பிடிக்கும். கைக்குத் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு நூலைச் சுருட்டி, விரல் நீளத்துக்கு மேல் மிஞ்சாமல் கத்தரித்துக் குப்பையில் போடுங்கள். டேங்க்குக்குப் பின்னாலும் ஒருதடவை பாருங்கள்.