கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: சென்னையில் ‘பெண்கள் வரலாற்று நடை’க்கு மகள் கூப்பிடுகிறாள். தெருவில் நடக்க ஒரு வழிகாட்டியா? போகலாமா?
– ஒரு வாசகி, வந்தவாசி

பதில்: போங்கம்மா. நானும் முனகிக்கொண்டேதான் போனேன். புதுச்செருப்பு வேறு, கண்ணகி சிலை வருவதற்குள் வார் அறுந்துவிட்டது. மீதி தூரம் வெறுங்காலோடுதான்.

முப்பது வருடமாக பஸ் ஜன்னலில் ஐஸ் ஹவுஸைப் பார்க்கிறேன். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை அடுக்கி வைத்த கட்டடம், விவேகானந்தர் தங்கிய இடம். அவ்வளவுதான் தெரியும். அதே வீட்டில்தான் சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்க வைத்திருக்கிறார். அவரே பால்ய விதவை. 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள், இந்த வட்டச் சுவருக்குள் கடல் சத்தத்தோடு பாடம் படித்தார்கள் என்று எங்கள் வழிகாட்டிப் பெண் சொன்னபோது, எனக்கு என் அத்தைப்பாட்டியின் காவிப்புடவை ஞாபகம் வந்தது. அவளுக்கு ஓர் ஐஸ் ஹவுஸ் கிடைக்கவில்லை.

அடுத்து, 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி. 2003இல் அதை இடிக்கப் போவதாகப் பேச்சு வந்தபோது மாணவிகள் போராடிக் காப்பாற்றினார்கள். இதைச் சொல்லும்போது வழிகாட்டியின் குரலே மாறிவிட்டது.

காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள், எட்டு மணிக்கு மேல் வெயில் ஆகாது. தண்ணீர் பாட்டில், பழைய செருப்பு.