“நானே முடிவு செய்யணுமாம்!”

கேள்வி: எனக்கு 46 வயது. தையல் வேலை. இரண்டு மாதமாக இடுப்பு வலி, இடது காலில் குதிகால் வரை இழுக்கிறது. ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதாக வந்திருக்கிறது. “ஆபரேஷனும் செய்யலாம், பொறுத்தும் பார்க்கலாம், உங்களுக்கு எது தோதுப்படும்?” என்று டாக்டர் என்னையே கேட்கிறார். அதைச் சொல்லத்தானே அவருக்கு ஃபீஸ்?

பதில்: நியாயமான கோபம்தான். ஆனால் அவர் கைகழுவவில்லை. உங்கள் நிலையில் இரண்டு வழியுமே சரி என்பதால் கேட்டிருக்கிறார். (கேட்காமலே தேதி குறிப்பவர்களைவிட இவர் எவ்வளவோ மேல்!)

உங்களைப் போலவே 6 முதல் 12 வாரம் கால் வலியால் அவதிப்பட்ட 283 பேரை வைத்து நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன் என்று முடிவு. மீதிப் பேர் மருந்தோடு பொறுத்துப் பார்த்தார்கள். ஆபரேஷன் ஆனவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது. ஆனால் ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பொறுத்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் வலி தாங்காமல் பிறகு ஆபரேஷனுக்குப் போனதும் உண்மை.

ஆக, உங்களால் எத்தனை வாரம் தாங்க முடியும், கத்திக்கு எவ்வளவு பயப்படுகிறீர்கள் என்பதுதான் கணக்கு. அது ஸ்கேனில் தெரியாது. மெஷின் காலால் மிதிப்பதா, மோட்டார் வைத்ததா? எத்தனை நிமிடம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது? ராத்திரி தூக்கம் வருகிறதா? சில வாரம் வேலைக்குப் போகாவிட்டால் வீடு நடக்குமா? இதையெல்லாம் அவரிடம் சொல்லுங்கள். பதிலுக்கு நீங்களும் கேளுங்கள்: “ஆபரேஷனில் கால் வலி போகும், இடுப்பு வலியும் போகுமா?” கால் வலிக்குக் கிடைக்கிற பலன் இடுப்பு வலிக்கு அந்த அளவு கிடைப்பதில்லை. பலர் இதை ஆபரேஷன் முடிந்த பிறகுதான் கேட்கிறார்கள். “இன்னும் ஆறு வாரம் பொறுத்தால் கெடுதல் உண்டா?” என்பதையும் விடாதீர்கள். பொறுப்பது என்றால் படுத்தே கிடப்பதல்ல. முடிந்த அளவு நடமாடத்தான் வேண்டும்.

சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, மலம் அடங்காமல் போனாலோ, தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பக்கமும் மரத்தாலோ, பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ, யோசிக்க நேரமில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.