புல்லுக்கட்டும் சராசரி வேகமும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உடுமலையில் இருந்து எழுதுகிறேன். பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பதைத் தாண்டிய பிறகு ஓட ஆரம்பித்தவள். இந்த முறை கோவை மாரத்தானில் 21 கிலோமீட்டர் ஓடிவிட வேண்டும் என்று ஒரு சின்ன குழுவோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் ரோட்டில் 15 கிலோமீட்டர். பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆத்தா புல்லுக்கட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றிருந்தார். "இதைச் சித்தெ தூக்கி உடு அம்மிணி" என்றார். தூக்கிவிட்டேன். கட்டைத் தலையில் வைத்துக்கொண்டே எந்த ஊரு, யாரு ஊட்டுப் புள்ள, எதுக்கு இப்படி ஓடறே, யாராச்சும் தொரத்தறாங்களா என்று எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் விட்டார். நாலு நிமிடம் போச்சு, சராசரி வேகமும் போச்சு. குழுவில் ஒருத்தர், நின்ற நேரத்துக்கு வாட்சைப் பாஸ் போட்டு நிறுத்தி வைத்திருக்கலாமே என்றார். இன்னொருத்தர் போட்டோ எடுத்திருக்கலாம் என்றார். ஓட்டப் பந்தயத்தில் முந்திப் போகாமல் நின்ற அந்த ஸ்பெயின்காரர் கதையை வாட்ஸ்அப்பில் போட்டு, இனி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு நல்ல காரியம், போட்டோவோடு போட வேண்டும் என்று சவாலே வைத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் நான் ரோட்டைப் பார்த்து ஓடாமல், யாருக்காவது உதவி தேவையா என்று பார்த்து ஓடுகிறேன். ஒருநாள் யாருமே கிடைக்கவில்லை, ஏமாற்றமாக இருந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் அத்தையோ, ஓடற நேரத்துக்கு நாலு புள்ளைகளுக்குச் சும்மா கணக்குச் சொல்லிக்குடுத்தாலாவது புண்ணியம் என்கிறார். ஓடுவது சுயநலமா அண்ணா? நல்ல காரியத்தை அதோடு சேர்க்கலாமா, கூடாதா?

அப்புறம் ஒன்று, ஆடிக் காற்றில் எப்படித்தான் ஓடுவது?

ம.,
உடுமலைப்பேட்டை

*

அன்புள்ள ம.,

முதலில் புல்லுக்கட்டு. அதைத் தலைக்கு ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும் என்பது நம் ஓட்டக் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். காத்தால அறுத்த புல், பனி ஈரத்தோடு நல்ல கனம் இருக்கும். ஒருத்தராகவே இடுப்பு வரைக்கும் தூக்கிவிடலாம், அங்கிருந்து சும்மாடு கலையாமல் தலைக்குப் போக எதிரே ஒரு ஜோடிக் கை வேண்டும். கிடைக்காவிட்டால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பைக்கில் போகிறவர் நிறுத்த மாட்டார், காரில் போகிறவருக்குக் கண்ணிலேயே படாது. முன்னெல்லாம் இதற்காகவே பாதையோரம் சுமைதாங்கிக் கல் வைத்தார்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைப் படுக்கப் போட்டு, தலைச்சுமையை அப்படியே நகர்த்தி வைக்கிற உயரத்தில். யார் துணையும் இல்லாமல் இறக்கலாம், ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அதை வைப்பது வழக்கம். எங்கள் காங்கேயம் பக்கம் ரோடு அகலமானபோது போனது போக ஒன்றிரண்டு இன்னும் நிற்கின்றன. மேலே யாராவது காலி தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

கல் இல்லாத இடத்துக்கு நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள், அவ்வளவுதான் நடந்தது. இதை நல்ல காரியம் என்று எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆத்தா நன்றி சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். யாரு ஊட்டுப் புள்ள என்று கேட்டார் பாருங்கள், நம் ஊரில் அதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்.

அடுத்து உங்கள் சராசரி வேகம். கணக்கு டீச்சரிடமே கணக்கா என்று நினைக்காதீர்கள். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் வீதம் 15 கிலோமீட்டருக்கு 105 நிமிடம். நின்ற 4 நிமிடத்தைச் சேர்த்தால் 109. கிலோமீட்டருக்கு 16 நொடி கூடியிருக்கிறது, வேறொன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் என்பதே பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில் ஓட வேண்டியது. முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் சொல்ல முடிய வேண்டும், முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம். உலகத்தின் பெரிய நெடுந்தூர ஓட்டக்காரர்களே தங்கள் பயிற்சியில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கை இப்படி மெதுவாகத்தான் ஓடுகிறார்கள். அந்த மெதுவான ஓட்டத்தில் இருதயமும் காலும் பழகுகிற பழக்கம் நடுவில் நாலு நிமிடம் நின்றதால் கலைந்துவிடாது. நம் அமெச்சூர் ஆட்கள்தான் எல்லா நாளையும் பந்தய நாளாக ஓடி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறோம். பாஸ் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். நான் போடுவதில்லை, அதில் கொள்கை ஒன்றும் கிடையாது, வியர்த்த கையில் அந்தப் பொத்தான் அமுங்கவே அமுங்காது.

சரி, ஸ்பெயின்காரர் கதை. நடந்தது உண்மைதான். 2012 டிசம்பரில் வடக்கு ஸ்பெயினில் புர்லாடா என்ற ஊரில் ஒரு கிராஸ் கன்ட்ரி பந்தயம். முன்னால் போன கென்யாவின் ஏபெல் முதாய், அந்த வருசம்தான் லண்டன் ஒலிம்பிக்கில் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் (தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடுகிற பந்தயம்) வெண்கலம் வாங்கியவர், எல்லைக் கோடு வந்துவிட்டது என்று நினைத்து முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டார். பின்னால் வந்த இவான் பெர்னாண்டஸ் அனாயா தாண்டிப் போகாமல், சைகை காட்டி அவரை முன்னே போகவிட்டார். இந்தக் கதைக்கு வால், கொம்பு எல்லாம் முளைத்து, அம்மா சொன்ன அறிவுரை வரைக்கும் சேர்ந்து, வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதில் வராத ஒரு விசயம் இருக்கிறது. அனாயாவின் பயிற்சியாளர் மார்ட்டின் பிஸ், 1995-ல் மாரத்தானில் உலக சாம்பியன் ஆனவர். அவரிடம் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, நானாக இருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன், அந்த வாய்ப்பை எடுத்திருப்பேன் என்கிற மாதிரிதான் பேசினார். எனக்கு இரண்டு பேரையும் பிடிக்கும். சிஷ்யன் செய்ததை எல்லாரும் புகழும்போது, நான் செய்திருக்க மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல ஒரு நேர்மை வேண்டும். அனாயாவும் எந்தச் சவாலுக்காகவும் அதைச் செய்யவில்லை. சில நொடியில், அந்த இடத்தில், அவருக்குத் தோன்றியது, செய்தார். உங்கள் குழு அதை டைம்டேபிள் போட்டுச் செய்யச் சொல்கிறது.

போட்டோ விசயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, வேண்டாம். ஆத்தா தலையில் கட்டோடு நிற்கிறார், இரண்டு கையும் மேலே இருக்கிறது, முந்தானையைச் சரிசெய்யக்கூட முடியாது. அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் நின்று செல்பி எடுத்தால் அவர் வேண்டாம் என்று சொல்வது எப்படி? அதே சமயம் ஞாயிற்றுக்கிழமை சாக்குப் பையோடு ஓடி வாய்க்கால் கரையில் பாட்டில் பொறுக்குகிற குழுக்கள் இருக்கின்றன, அவர்கள் கடைசியில் மூட்டைகளை வரிசையாக வைத்துப் போட்டோ போடுகிறார்கள். அதில் எனக்கு ஒன்றும் இல்லை, அது வேலைக் கணக்கு. மூட்டைக்கு வெட்கம் கிடையாது.

உங்கள் அத்தை கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், ஓடுவது சுயநலம்தான். ஒரு மணி நேரம் எந்தப் போனும் இல்லாமல், யார் தட்டிலும் பரிமாறாமல், யார் விடைத்தாளும் திருத்தாமல் இருக்கிறீர்கள். இருந்துவிட்டுப் போங்கள். வீட்டு வேலையும் பள்ளி வேலையும் பார்க்கிற ஒரு பெண் தனக்கென்று எடுத்துக்கொள்கிற நேரத்துக்கு மட்டும் ஏன் புண்ணியக் கணக்கு காட்ட வேண்டும்? (காலை ஐந்து மணிக்கு எந்தப் பிள்ளை கணக்குப் படிக்க வருகிறது என்றும் அத்தையிடம் கேட்கலாம். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.) கோவை மாரத்தான் 2013-ல் கோயம்புத்தூர் கேன்சர் பவுண்டேஷன் முயற்சியில் புற்றுநோய் விழிப்புணர்வுக்காகத் தொடங்கியது, நல்ல விசயம். அதற்காக, நான் அதுக்குத்தான் ஓடறேன் என்று யாரிடமும் சமாளிக்க வேண்டாம். மெடலுக்காக ஓடுகிறேன் என்றே சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ரோட்டில் ஓடுகிறவன் உதவி செய்வதைவிட வாங்குவதுதான் அதிகம். யோசித்துப் பாருங்கள், பர்ஸ் கிடையாது, தண்ணீர் கிடையாது, வீடு ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நல்ல வேலையில் இருக்கிற ஒரு பெரிய மனுசன் தினமும் ஒரு மணி நேரம் கைவீசிக்கொண்டு அநாதையாகத் திரிகிறான் என்றுதான் சொல்ல வேண்டும். என்னைப் பார்த்ததும் ஆட்டுப்பட்டி நாயை அதட்டி உட்கார வைக்கிற பெரியவர், மில்லுக்கு ஆள் ஏற்றப் போகும்போது ஹெட்லைட்டைத் தணித்துக் கொடுக்கிற வேன் டிரைவர், தேங்காய்க் களத்தில் பருப்பைக் கிளறிக்கொண்டே "கொடத்துல தண்ணி இருக்குது, மோந்து குடிங்" என்கிற அக்கா, இவர்கள் யாரும் இதைப் புண்ணியம் என்று எழுதி வைத்துக்கொள்வதில்லை.

தை மாதத்தில் இது உச்சத்துக்குப் போகும். ஈரோட்டில் இருந்து, அதற்கு மேலே சேலம் பக்கத்தில் இருந்தெல்லாம் பழனிக்கு நடக்கிறவர்கள் காங்கேயம், தாராபுரம் வழியாகத்தான் போகிறார்கள். தைப்பூசத்துக்கு முன்னால் ரோட்டோரம் பூராவும் பந்தல். ஒருநாள் விடிய நேரத்தில் ஒரு பந்தலைத் தாண்டி ஓடினேன். கையில் கரண்டியோடு ஒருத்தர் குறுக்கே வந்து நிறுத்திவிட்டார். எலுமிச்சைச் சாதம், பாக்குமட்டைத் தட்டில், ஆவி பறக்க. "நான் பழனிக்குப் போகலீங்க, சும்மா ஓடறனுங்க" என்றேன். அவர் என் காலைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார். "அதனால என்னங்க, ஓடித்தானுங்களே வர்றீங்க, உக்காந்து சாப்புடுங்க" என்று தட்டைக் கையில் திணித்துவிட்டார். சாப்பிட்டுவிட்டு எங்கே ஓடுவது? அன்றைக்குத் திரும்பி நடைதான். உங்கள் ஊர் வழியாகவும் பொள்ளாச்சிப் பக்கத்துக் கூட்டம் போகுமே, பார்த்திருப்பீர்கள்.

அந்த நடைக்காரர்கள் இருட்டில் பெரும்பாலும் ரோட்டின் இடது ஓரமாகவே போகிறார்கள், பின்னால் வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியாது. நம் ஓட்டக்காரர்களுக்கு முதல் பாடமே வலது ஓரமாக, வண்டியை எதிரே பார்த்து ஓட வேண்டும் என்பது. அதனால் தை மாதத்தில் மட்டும் இடுப்புப் பையில் ஒளிரும் டேப் ஒரு சுருளும் சின்ன கத்தரியும் வைத்திருப்பேன். போலீஸ்காரர்களும் பல இடத்தில் இந்த மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள், ஆனால் எல்லார் பையிலும் இருக்காது. விரல் நீளத்துக்கு வெட்டி, முதுகுப் பையின் கீழ்ப்பக்கம் ஒன்று, கைத்தடியில் ஒன்று. பை நனைந்திருந்தால் ஒட்டாது, துண்டால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு வேல் மாதிரி வெட்டித் தரச் சொல்லி அடம் வேறு. இதுதான் நான் திட்டம் போட்டுச் செய்கிற ஒரே காரியம். ஏன் இதற்கு மட்டும் திட்டம் என்றால், டேப்பை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மற்றபடி தேடிக்கொண்டு ஓடாதீர்கள். ஆனால் போன் ஒன்று இடுப்பில் இருக்கட்டும், அமைதியாக்கி வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ரோட்டில் அடிபட்டுக் கிடக்கிறவரை முதலில் பார்ப்பது பால்காரர், அடுத்தது நாம்தான். 108-க்குக் கூப்பிட்டால் எந்த இடம் என்றுதான் முதலில் கேட்பார்கள், அதனால் ஓடுகிற பாதையின் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் தடுமாறாமல் சொல்லலாம். போலீஸ், கோர்ட் என்று இழுப்பார்களோ என்ற பயம் பல பேருக்கு இருக்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது உதவி செய்கிறவரைப் பாதுகாக்கத் தனிப் பிரிவே சேர்த்தார்கள், உங்கள் பெயரைச் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நம் மாநிலத்தில் 2021-ல் வந்த திட்டத்தில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டுகிறது, அதனால் காசு யார் கட்டுவது என்று தயங்கி நிற்க வேண்டியதில்லை. இன்னொன்று, நீங்கள் வாய்க்கால் ரோட்டில் ஓடுகிறீர்கள். தண்ணீர் போகும்போது யாராவது விழுந்தால், நீச்சல் தெரிந்தாலும் குதிக்காதீர்கள். இழுப்பும் பலம், சரிவும் வழுக்கும். கயிறு, சேலை, துண்டு, நீளக் குச்சி, கையில் எது கிடைக்கிறதோ அதை எறிந்துவிட்டுச் சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள்.

ஆடிக் காற்றுக்கு ஒரே வழிதான் தெரியும். உங்கள் ஊருக்குக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே இருந்து வருகிறது, காற்றாலைக்காரர்கள் அதை நம்பித்தான் அங்கே இறங்கினார்கள். அதனால் பொள்ளாச்சித் திசையில் புறப்பட்டு எதிர்க்காற்றை முதல் பாதியிலேயே முடித்துவிடுங்கள், வரும்போது முதுகில் தள்ளிக்கொண்டு வரும். எதிர்க்காற்றில் வாட்சைப் பார்க்கவே வேண்டாம், மூச்சு என்ன வேகம் சொல்கிறதோ அதுதான் வேகம். நாலைந்து பேராகப் போனால் வரிசையாக ஓடி, முன்னால் போகிறவரை அவ்வப்போது மாற்றிக்கொள்ளுங்கள், பின்னால் இருப்பவருக்குக் காற்று நன்றாகவே குறையும். கண்ணில் மண் விழாமல் இருக்கச் சாதாரண வெள்ளைக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், மெடிக்கலில் கேட்டாலும் கிடைக்கும்.

அன்புடன்.