பிலாட்டிஸ் பயிற்றுநர் பயிற்சி: கேட்டவையும் என் பதில்களும்

பிலாட்டிஸ் என்ற உடற்பயிற்சி முறையில் பயிற்றுநராகப் படித்துக்கொண்டிருப்பவர்களும் படிக்க எண்ணியிருப்பவர்களும் யாழ்ப்பாணத்தின் பல பக்கங்களிலிருந்து கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாக்கிவிட்டேன்.

இணையவழியில் இரண்டு நாளில் சான்றிதழ் தருகிறார்கள். கொழும்பில் படிப்பதென்றால் மாதக்கணக்காகும். எதில் சேரலாம் அக்கா? (சுண்டுக்குளி)

2000ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றமொன்று, பிலாட்டிஸ் என்பது எவருக்கும் உரிய வணிகக் குறியல்ல, பொதுப் பெயர் என்று தீர்ப்பளித்தது. அதனால் அந்தப் பெயரில் யாரும் சான்றிதழ் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு சொல்கிறேன்: கருவிகளும் சேர்ந்த முழுத் தகைமைக்கு அமெரிக்கத் தேசியச் சான்றிதழ்த் திட்டம் கேட்பது 450 மணித்தியாலப் பயிற்சி. பணம் கட்டுமுன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: நான் கற்பிக்கும்போது யாராவது பக்கத்தில் நின்று திருத்துவார்களா? பதில் மழுப்பலாக இருந்தால் காசைக் கையிலேயே வைத்திருங்கள்.

சேர்ந்துவிட்டேன். பாயில் செய்யும் 34 பயிற்சிகளையும் மனப்பாடம் செய்கிறேன். நிற்க மாட்டேன் என்கிறது. (கொக்குவில்)

தங்கைச்சி, க.பொ.த. பரீட்சைக்குப் படித்தது போல இதைப் படிக்க முடியாது. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எது அசைகிறது, எது அசையாமல் இருக்க வேண்டும், எதற்காக, யாருக்குக் கூடாது என்ற நான்கையும் உங்கள் சொல்லிலேயே எழுதுங்கள்.

‘நூறு’ என்ற பயிற்சியைப் பாருங்கள். மல்லாந்து படுத்து, தலையையும் கால்களையும் தூக்கி, ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சை எடுத்து, ஐந்துக்கு விட்டு, பத்து முறை. கைகள் மேலும் கீழும் அடிப்பதுதான் கண்ணில் படும். ஆனால் வேலை நடப்பது வயிற்றின் ஆழத் தசைகளிலும் பிரிமென்றகட்டிலும். முள்ளந்தண்டு அசையவே கூடாது. இது புரிந்துவிட்டால் மாற்றங்கள் தாமாக வரும். கழுத்து நோகிறதா, தலையைப் பாயில் வைக்கச் சொல்வீர்கள். நாரி பாயைவிட்டு மேலெழும்புகிறதா, முழங்காலை மடிக்கச் சொல்வீர்கள். மனப்பாடம் செய்தவருக்கு எண்ண மட்டும்தான் தெரியும்.

மற்றவர் கற்பிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மணித்தியாலங்கள் வீண் போலத் தெரிகின்றன. (மானிப்பாய், சாவகச்சேரி, இன்னும் பலர்)

முழுப் பயிற்சியிலும் உங்களுக்கு அதிகம் தரக்கூடியவை அவைதான். கைப்பேசியோடு மூலையில் உட்கார்ந்திருந்தால் வீண்தான்.

ஒரு வகுப்பில் ஒன்றை மட்டும் பாருங்கள். இன்று மூச்சு: யார் அடக்கிப் பிடிக்கிறார், எந்த இடத்தில்? அடுத்த முறை பாதங்கள், பிறகு தோள்பட்டை. அதற்குப் பிறகு மாணவரை விட்டுவிட்டு ஆசிரியரையே பாருங்கள். எங்கே நிற்கிறார், எப்போது நகர்கிறார்? மாணவரிடம் நான்கு பிழைகள் இருக்க, ஒன்றை மட்டும் திருத்திவிட்டு மற்ற மூன்றையும் ஏன் விட்டார்? வகுப்பு முடிந்தபின் அதைக் கேளுங்கள். நல்ல ஆசிரியர் அந்தக் கேள்விக்கு மகிழ்ந்துபோய் அரை மணித்தியாலம் பேசுவார். அப்படியான பேச்சு எந்தக் கைநூலிலும் கிடைக்காது.

பயிற்சிக்கு யாரை வைத்துக் கற்பிப்பது? என் தோழிகள் எல்லாரும் என்னைப் போலத்தான். (திருநெல்வேலி)

வளைந்து கொடுக்கும் இருபது வயது உடல்களில் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் சரியாகவே தெரியும். வேறு உடல்களைத் தேடுங்கள். நாள் முழுக்க நின்று ரியூசன் எடுக்கும் மாமா, வங்கியில் குனிந்தே இருக்கும் அயலவர், பிள்ளை பெற்று ஒரு வருடமான மச்சாள் என்று வீட்டைச் சுற்றியே இருக்கிறார்கள்.

ஆனால் முதலில் உட்காரவைத்துக் கேளுங்கள். நம்மூரில் “நாரி நோ” என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும். நோ காலுக்குள் இறங்குகிறதா, கால் மரத்துப்போகிறதா என்று கேட்டு, ஆமென்றால் வைத்தியரிடம் அனுப்புங்கள். நாம் இயன்மருத்துவர்கள் அல்லர். எலும்பு அடர்த்தி குறைந்த அப்பம்மாவைச் சுருண்டு எழும்பவோ, பந்துபோல் உருளவோ விடாதீர்கள். முதுகை முன்னால் வளைக்கும் அழுத்தத்தில் முள்ளெலும்பு நொறுங்கக்கூடும். உயர் குருதியமுக்கம் உள்ளவரை மூச்சை அடக்க விடக்கூடாது.

பன்பாய் போதுமா? (பருத்தித்துறை)

போதாது. வழுக்கும், முள்ளந்தண்டு உருளும்போது நோகும். தடித்த பாய் ஒன்று வாங்குங்கள். பன்பாய் மத்தியானத் தூக்கத்துக்கு இருக்கட்டும்.

ரிஃபோமர் கருவி (ஸ்பிரிங்குகள் பூட்டிய, முன்னும் பின்னும் நகரும் வண்டியுள்ள கட்டில் போன்றது) பக்கத்தில் எங்கும் இல்லை. கொழும்புக்கு அடிக்கடி போகவும் வசதியில்லை. (சுன்னாகம்)

பாயில் உறுதியாகுங்கள், கருவிக்கான மணித்தியாலங்களைச் சேர்த்துவைத்து, ஒரு கிழமை தங்கி ஒரேயடியாக முடியுங்கள். ஒரு நாளுக்கென்று இரவு பஸ்ஸில் போய் இறங்கினால் விறைத்த உடம்போடுதான் கருவியில் ஏறுவீர்கள். போகுமுன் ஸ்பிரிங்குகளின் தர்க்கத்தைப் படித்துவிடுங்கள். காலால் தள்ளும் பயிற்சியில் ஸ்பிரிங் கூடினால் பாரம் கூடும். கையூன்றி உடலை நீட்டிப் பிடிக்கும் பயிற்சியிலோ ஸ்பிரிங் குறைந்தால்தான் கடினம். வழுக்கிப்போகும் வண்டியை வயிறுதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். இந்த இடத்தில் தடுமாறாத புதியவரை நான் கண்டதில்லை.

ஆண்கள் படிக்கலாமா? (நல்லூர்)

தம்பி, இதை உருவாக்கிய ஜோசப் பிலாட்டிஸ் குத்துச்சண்டை பழகிய ஆண்.

நான் பரதநாட்டிய ஆசிரியை. இந்தப் பயிற்சியில் எனக்கு எது இலகு, எது கடினம்? (மருதனார்மடம்)

நல்ல துணை உங்களுக்கு முன்னமே இருக்கிறது: நியூயோர்க்கில் நடன அமைப்பாளர்களான ஜோர்ஜ் பலன்சீனும் மார்த்தா கிரஹாமும் தங்கள் நடனக்காரர்களை ஜோசப்பிடம் அனுப்பினார்கள். உடலைப் பார்க்கும் கண் உங்களுக்குப் பழகியிருக்கும். அரைமண்டியில் வருடக்கணக்காக வெளியே திரும்பிய தொடைகள், பாதங்களை நேராக வைக்கச் சொன்னால் முரண்டு பிடிக்கும். அதற்குப் பொறுமை வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல், அழகாகச் செய்து காட்டும் ஆசை. நீங்கள் பாயில் படுத்துச் செய்துகொண்டிருந்தால் மாணவியின் தோள் காதுவரை ஏறியிருப்பதை யார் பார்ப்பது? செய்முறைத் தேர்வுக்கு முன் சில வகுப்புகளைக் கையைக் கட்டிக்கொண்டு, வாயால் மட்டுமே நடத்திப் பாருங்கள். முதல் வகுப்பில் எரிச்சல் வரும். மூன்றாவதில், எந்தச் சொல்லுக்கு உடல் அசைகிறது, எந்தச் சொல்லைக் கேட்டு முகத்தைச் சுளிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அசைந்த சொற்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.