மாதம் 40,000 என்றால் கைக்கு எவ்வளவு வரும்?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் சி.டி.சி. மாதம் 40,000 வருமென்று அப்பா மாதம் 15,000 ரூபாய் கட்டும் சீட்டில் சேரப் போகிறார். வருமான வரி போக எவ்வளவு கைக்கு வரும்? ஆஃபர் லெட்டர் நகலை இணைத்திருக்கிறேன்.
– வாசகி, குடியாத்தம்

பதில்: அன்பு மகளுக்கு,

வருமான வரியை நினைத்துப் பயப்படாதே. உனக்கு அது ஒரு ரூபாய்கூட வராது. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில், சம்பளத்திலிருந்து நிலையான கழிவாக 75,000 ரூபாய் முதலில் போய்விடும். மீதியில் 4 லட்சம் வரை வரியே இல்லை. நாளைக்குச் சம்பளம் ஏறினாலும், 12.75 லட்சம் வரை தள்ளுபடியால் வரி வராது.

நீ கவனிக்க வேண்டியது சி.டி.சி.யை. அது கம்பெனி உனக்காகப் போடும் மொத்தச் செலவுக் கணக்கு. உன் லெட்டரில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 20,000, வீட்டு வாடகைப் படி 8,000, சிறப்புப் படி 6,238. இவை சேர்ந்த 34,238தான் மாதச் சம்பளம். அதற்குக் கீழே கம்பெனி பங்கு பி.எஃப். 1,800, கிராஜுட்டி (பணிக்கொடை) 962, வேரியபிள் பே 3,000 என்று போட்டிருக்கிறார்கள். இந்த 5,762 ரூபாய் மாதாமாதம் உன் கைக்கு வராது. வேரியபிள் பே கம்பெனி தரும்போதுதான். அதை நம்பி எந்தத் தவணையும் கட்டாதே.

இனி, 34,238இல் உன் பங்கு பி.எஃப். 1,800 பிடிப்பார்கள். மிச்சம் 32,438. சம்பளம் 21,000ஐத் தாண்டுவதால் இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) பிடித்தம் கிடையாது. தொழில் வரி அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250. அதைப் பிடிக்கும் மாதம் 31,188 வரும்.

ஒன்றைக் கவனி. 1,800 என்பது பி.எஃப்.புக்கான 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்புக்கு 12%. முழு பேசிக்குக்கும் பிடித்தால் 2,400 ஆகும். கம்பெனி பங்கும் அதே சி.டி.சி.க்குள் ஏறுவதால் உனக்கு இரண்டு பக்கமும் 600 குறையும். கைக்கு 31,238தான்.

பி.எஃப். பணம் போய்விட்டதாக அப்பா வருத்தப்பட வேண்டாம். உன் பங்கு முழுதும் உன் கணக்கில் வட்டியோடு சேரும். இது உன் முதல் வேலையென்றால், பேசிக் 15,000ஐத் தாண்டுவதால் கம்பெனியின் 1,800உம் பென்ஷனுக்குப் போகாமல் உன் கணக்கிலேயே சேரும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கல்யாணமென்று வேலையை விட்டதும் பெண்கள் இதை எடுத்துவிடுவதைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது. ஐந்தாண்டு சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரி கட்ட வேண்டிவரலாம். கம்பெனி மாறினால் யு.ஏ.என். நம்பரை (பி.எஃப்.புக்கான உன் நிரந்தர எண்) கொடுத்துக் கணக்கை மாற்றிக்கொள்.

சீட்டுக்கு 15,000 அதிகம், மகளே. கிட்டத்தட்ட பாதிச் சம்பளம். குடியாத்தத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில், அங்கிருந்து சிப்காட்டுக்கு பஸ், மதியச் சாப்பாடு எல்லாம் இருக்கிறதே. 8,000க்கு மேல் போக வேண்டாம் என்பேன். பதிவு செய்யாத சீட்டென்றால் அதுவும் வேண்டாம்.

கையெழுத்துப் போடுமுன் ஹெச்.ஆரிடம் மாதிரி பே ஸ்லிப் ஒன்று மெயிலில் கேட்டு வாங்கு. போன வருஷம் வேரியபிள் பே எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்றும் கேள். அந்த பே ஸ்லிப்பின் கடைசி வரியை அப்பாவிடம் காட்டிவிட்டு, அதற்குப் பிறகு முதல் தவணை கட்டச் சொல்.